இரண்டாவது திரை

மனிதரைப் போலவே பேசும் மெஷினை உருவாக்கக் கற்றுக்கொடுக்கும் பேராசிரியை தேர்வு வைத்தார். ஒரு திரையில் மாணவர்கள் செய்த மெஷின் பதில் சொல்லும். இன்னொன்றில், பக்கத்து அறையிலிருந்து ஒரு மனிதர். எது மெஷின் என்று பேராசிரியை கண்டுபிடித்துவிட்டால் எல்லோரும் ஃபெயில்.

“உடம்பு சரியில்ல” என்று இரண்டிலும் டைப் செய்தார்.

“அச்சச்சோ! காய்ச்சலா? கொஞ்ச நேரம் படுங்களேன்” என்றது முதல் திரை.

“ம்” என்றது இரண்டாவது.

“வேலையை விட்டுடட்டுமா?” என்று அடுத்துக் கேட்டார்.

“உன் இஷ்டம்” என்றது இரண்டாவது.

பேராசிரியைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ரெண்டாவதுதான் மெஷின்! அக்கறையும் இல்ல, மரியாதையும் இல்ல. எந்த மனுஷன் இப்படிப் பேசுவான்? இதை யாரு செஞ்சது?”

ஒரு மாணவி தலையைச் சொறிந்துகொண்டே பக்கத்து அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே, கீபோர்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார் பேராசிரியையின் கணவர்.

“செஞ்சது உங்க மாமியார், மேடம்.”