அறுபது யூனிட்

"இந்த வீட்டுக் கரண்ட்டை மொத்தமா உறிஞ்சறது அந்தப் பொட்டிதான். இன்னிக்கே வித்துடு!"

புருஷோத்தமன் கரண்ட் பில்லை மகன் உமேஷின் மூக்குக்கு நேரே ஆட்டினார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் ஆன உடம்பு. குரல் மட்டும் துளியும் இளைக்கவில்லை.

பொட்டி என்று அவர் சொன்னது டிவிக்குக் கீழே இருந்த வீடியோ கேம் கன்சோலை. மருமகள் பூர்ணாவுடையது.

பூர்ணாவுக்கு ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி வேலை. நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, நாளெல்லாம் நின்றபடியே மாத்திரை அட்டைகளைச் சரிபார்த்து, மாரெட்பள்ளி வீட்டுக்குத் திரும்பி, சமைத்து முடித்தால் மணி ஏழு. அதற்கப்புறம் ஒரே ஒரு மணி நேரம் கேம். அதிலும் சண்டை, சுடுவது ஒன்றும் கிடையாது. ஆளில்லாத மலைப்பாதையில் ஒரு லாரியை ஓட்டிக்கொண்டே போவாள். யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாத ரோடு.

"ரெண்டு மாசமா மாசம் அறுபது யூனிட் ஏறியிருக்குடா!"

"அது ரெண்டு வருஷமா இருக்கேப்பா."

"பழசாக ஆக ஜாஸ்தி குடிக்கும். உனக்கென்ன தெரியும்?"

உமேஷுக்கு அலுப்பாக இருந்தது. ஆபீஸ் எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு, ப்ளக்கில் சொருகும் சின்ன மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தான்.

"அளந்து பார்த்துடுவோம். இதுதான் குடிக்குதுன்னா வித்துடலாம்."

"அளக்கறதெல்லாம் எதுக்குங்க? விடுங்களேன்" என்றாள் பூர்ணா, லாரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பார்த்தியா, இப்பவே பயப்படறா!" என்றார் புருஷோத்தமன்.

ஐந்து நாள் போனது. உமேஷ் குனிந்து மீட்டரைப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

"டிவியையும் சேர்த்து ஒண்ணரை யூனிட். மாசத்துக்கு ஒம்போதுகூட முழுசா வராது. அநியாயமா பொட்டியைத் திட்டினீங்களேப்பா."

புருஷோத்தமன் சிரிக்கவில்லை. "மீட்டர் கெட்டுப் போயிருக்கும்."

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு. ஃப்ரிட்ஜ் புதுசு. கீசர் போடற காலமும் இல்ல. பாக்கி இருக்கறது வாஷிங் மெஷின். அதுல மாட்டுவோம்."

மீட்டரைக் கழற்றிக்கொண்டு உமேஷ் பின்பக்கம் போனான். அவனை முந்திக்கொண்டு போய், மெஷினை மறைத்தபடி நின்றார் புருஷோத்தமன்.

"இது... இது என்னடா குடிக்கும்? வாரத்துக்கு ரெண்டு தடவை ஓடற மெஷின்." வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டார்.

"நகருங்கப்பா. மாட்டி வெச்சா தெரிஞ்சிடப் போவுது."

"மாட்ட வேண்டாம்."

பின்னால் பூர்ணா நின்றிருந்தாள்.

"நான்தான். என் கம்பெனி யூனிஃபார்ம்ல மருந்துத் தூள் படுது. தினம் விடிகாலையில சுடுதண்ணியில தோய்ச்சு, மெஷின்லயே காயவெச்சு எடுத்துட்டுப் போறேன்."

"தினமுமா? ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க எழுந்திருக்கறதே எட்டு மணிக்கு. எப்ப சொல்றது?"

உமேஷுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா தொண்டை கிழிய கத்தறாரு, நீ பேசாம கேட்டுட்டு இருந்திருக்க! ஒரு மணி நேரம் லாரி ஓட்ட முடியுது, ஒரு செட் துணியைக் கையால அலச முடியலையா? அப்பா சொன்னதுதான் சரி. நாளைக்கே அதை விக்கறேன்."

பூர்ணா சரி என்று தலையாட்டினாள். ஹாலுக்குப் போய் வயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். அழவில்லை. அழவும் தெம்பு வேண்டும்.

"விக்கறது நக்கோடா, வேண்டாம்" என்றார் புருஷோத்தமன்.

"என்னப்பா இது? வித்துடு வித்துடுன்னு கத்தினது யாரு?"

"நான்தான் கத்தினேன். இப்ப நானே நக்கோங்கறேன். காப்பிக்குப் பால் இல்ல, போய் வாங்கிட்டு வா."

உமேஷ் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினான். செருப்புச் சத்தம் கீழே தேய்ந்து போகும்வரை புருஷோத்தமன் காத்திருந்தார். பிறகு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பூர்ணா."

"சொல்லுங்க மாமா."

"மருந்துக் கம்பெனி டைம் ஆபீஸ்ல இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். போறவங்க வர்றவங்க பையைத் திறந்து பார்த்தவன். அங்க போடற யூனிஃபார்மை அங்கயேதான் தோய்ப்பாங்க. ஒரு குல்லாகூட கேட்டைத் தாண்டி வெளியே வராது."

பூர்ணா சுருட்டின வயரைப் பிரித்து மறுபடி ப்ளக்கில் சொருகினாள். லாரி புறப்பட்டது.

"நாலு மணிக்கு எழுந்திருக்கறது நீங்க ஒருத்தர் மட்டும் இல்லையே மாமா."

புருஷோத்தமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட கேட்டேன். அந்த ஆபரேஷன் ஆனா கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்குமாம், தானா சரியாயிடுமாம்" என்றாள் பூர்ணா, அவர் பக்கம் திரும்பாமலே. "நாளைக்கு என் பேர்ல ஒரு பார்சல் வரும், உங்க ரூமுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. அவர் கேட்டா, பூர்ணாவோட கேமுக்கு வந்த சாமான்னு சொல்லிடுங்க. உள்ள இருக்கறது, மெத்தை நனையாம விரிக்கிற ரப்பர் ஷீட்."