நேரில் வர வேண்டும்

"பேரு பதிஞ்சவங்கதான் பேசணும், கண்ணு. புருஷன் பேச முடியாது."

வரவேற்பு மேசையில் இருந்த லொரெட்டா பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். பொதுமக்கள் கருத்து: மேரன் வென்ட், மூன்று நிமிடம். அரசின் மறுவாழ்வு மருத்துவ ஆய்வு ஆலோசனைக் கூட்டத்துக்கு அன்று வந்திருந்த ஒரே பொதுஜனம், மேரனின் கணவன் கோல்பிதான்.

"அவ எழுதி வெச்சதை அப்படியே படிச்சுட்டுப் போயிடறேன், மேடம்."

"எங்கிட்டக் குடுங்க. கோப்புல சேத்துடறேன்."

"ஏற்கெனவே ரெண்டு தடவை எழுதிப் போட்டா. 'நன்றி'ன்னு பதில் வந்துது."

குழுத் தலைவர் டாக்டர் லிண்ட்க்விஸ்ட் உள்ளேயிருந்து வந்தார். "என்ன தகராறு?"

"ஆய்வுக்குன்னு என் மனைவிக்கு இயந்திரக் கால் மாட்டினாங்க, சார். நடந்தா. அடுப்படி வரைக்கும் தானே போய்க் காப்பி போட்டா. ஆய்வு முடிஞ்சதும் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. இனிமே யார்கிட்டேருந்தும் அப்படிப் பிடுங்காதீங்கன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

டாக்டரின் குரல் தணிந்தது. "இப்ப எப்படி இருக்காங்க?"

"வலி இல்ல."

"நல்லது. ஆனா உங்களைப் பேச விட்டா, நாளைக்குக் கம்பெனிக்காரனும் வக்கீலும் யார் பேர்லயாவது வந்து நிப்பான். சட்டத்தை மீற முடியாது. அவங்க நேர்ல வரட்டும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கோம்."

"கார்லதான் இருக்கா."

"கார்லயா!" லொரெட்டா எழுந்தேவிட்டாள். "பனி கொட்டுது, தனியா விட்டுட்டு வந்து இங்க நின்னு வாதாடறீங்க? நல்லா இருக்கு போங்க! சக்கர நாற்காலி அனுப்பட்டுமா?"

"வேண்டாம். தூக்கிட்டு வந்துடுவேன்."

கூட்டம் பரபரத்தது. காவலாளி இரட்டைக் கதவையும் அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். உறுப்பினர்கள் தாங்களே நாற்காலிகளை இழுத்து வழி விட்டார்கள். ஒருவர் மைக்கை, உட்கார்ந்திருப்பவர் வாய்க்கு எட்டும்படி தாழ்த்தி வைத்தார்.

கோல்பி இரண்டு கைகளிலும் ஏந்தியபடி திரும்பி வந்தான். தோளில் பனி. யாரையும் பார்க்காமல் நடந்து போய், மைக்கின் முன்னால் மெல்ல இறக்கி வைத்தான்.

ஒரு பித்தளை அஸ்திக் கலசம்.

"வந்துட்டா" என்றான். "மூணு நிமிஷத்தை எண்ண ஆரம்பிங்க."