நிலாவெளி பனியன்

“எந்த மூஞ்சிய வச்சுட்டுங்க என்ற கம்பெனிப் படி ஏறுனீங்க?”

ஜெயபாரதி மேசையைத் தட்டிக் கேட்டாள். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த யோகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். எவ்வளவு கோபம் வந்தாலும் கொங்குநாட்டு வாய்க்கு ‘ங்க’ போடாமல் வையத் தெரியாது. அதனால் காரம் குறைந்திருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

யோகநாதன் இலங்கையில் திருகோணமலைக்காரர். நிலாவெளிக் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பனியன் விற்கிற கடை வைத்திருக்கிறார். யானைப் படமும் ஊர்ப் பெயரும் போட்ட அந்தப் பனியனெல்லாம் திருப்பூர் நல்லூரில், ஜெயபாரதியின் சின்னக் கம்பெனியில் தைத்துப் போனவை.

அவர் நாடு நொடித்துப்போன வருஷம், தைத்து மடித்துப் பெட்டி கட்டிய பிறகு, “ஆர்டர் வேண்டாம்” என்று ஒற்றை வரி அனுப்பினார். அதற்கப்புறம் பேச்சு மூச்சில்லை. மூன்று வருஷம் கழித்து, இன்றைக்குச் சிரித்த முகமாக வந்து இறங்கியிருக்கிறார்.

“அக்கா, இப்ப எங்கட பக்கம் நிலைமை பரவாயில்லை. வெள்ளைக்காரர் திரும்ப வரத் தொடங்கிட்டினம். சென்னையில இருந்தும் சனம் வருது. மே மாசம் சீசன், ஹோட்டல்ல இப்பவே ரூம் இல்லை. வாற வருசம் இதைவிட நல்லா இருக்கும் எண்டு சொல்லினம். அதுதான் ஆர்டரோட வந்தனான்.”

“வரட்டுங்க, நல்லா வரட்டும். வேணும்னா தொறக்கறதுக்கும் வேண்டாம்னா மூடறதுக்கும் நான் என்ன தண்ணிக் கொழாயிங்களா?”

“பெட்ரோலுக்கு ரெண்டு நாள் வரிசையில நிண்டம் அக்கா. கடற்கரைக்கு ஒரு ஆள் வரேல்லை. கடையையே பூட்டிட்டன்.”

“அது எனக்குந் தெரியுமுங்க, டிவில பாத்தேன். நின்ன சரக்கைக் காதர்பேட்டைச் சந்தையில கிலோக் கணக்குல தள்ளிவிட்டேன். இன்னைக்கும் நல்லூர் பஸ் ஸ்டாப்புல பாதிப் பேரு உங்க நிலாவெளியத்தான் நெஞ்சுல போட்டுட்டு நிக்கறாங்க. அது போகட்டும்.” மேசை மேலிருந்த போனை எடுத்துக் காட்டினாள். “ஒரு போனு. ‘அக்கா, எப்படி இருக்கீங்க’ன்னு ஒரு வார்த்தை. கேட்டீங்களா? தேவைக்கு மட்டும் மனுசரை நெனைக்கறவங்களை என்னன்னு சொல்றதுங்க?”

“வெக்கமாக் கிடந்தது அக்கா. எந்த வாயால கதைக்கிறது?”

“வெக்கமாமா, வெக்கம்!”

கட்டிங் மாஸ்டர் தங்கராஜ் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். உள்ளே பாதி மெஷின்கள் பிளாஸ்டிக் உறை போர்த்திக் கிடந்தன. இந்த ஆர்டரும் கைவிட்டுப் போனால் சித்திரையோடு கம்பெனியை மூட வேண்டியதுதான். அது ஜெயபாரதிக்கும் தெரியாமல் இல்லை.

தண்ணீர் குடித்தாள். கொஞ்சம் ஆறினாள்.

“தெச்சுத் தர்றேனுங்க. ஆனா ஒண்ணு. நாளைக்கு உங்க ஊருக்கு மறுபடி என்ன ஆனாலுஞ் சரி, ஆர்டர் இல்லீன்னாலும் போன் வரோணும். மனுசருக்கு மனுசர் அதுதானுங்க.”

யோகநாதன் எழுந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

“நல்லா நாக்கைப் புடுங்கற மாதிரி கேட்டீங்க அக்கா” என்றார் தங்கராஜ், முகமெல்லாம் சிரிப்பாக. “சரிங்க, ஓவர்லாக் மெஷினுக்கு ஆளு?”

“மயிலா இருக்கறாளே.”

மயிலாள் ஒன்பது வருஷம் அந்த மெஷினில் உட்கார்ந்து தைத்தவள். யோகநாதனின் ஆர்டர் நின்ற வாரம், சனிக்கிழமை சம்பளத்தைக் கையில் கொடுத்து, “திங்கட்கிழமையில இருந்து வராத, ஆர்டர் வந்தா கூப்படறேன்” என்று ஜெயபாரதிதான் அனுப்பி வைத்தாள். பனியன் கம்பெனிகளில் இது சகஜம். ஏனென்று யாரும் கேட்பதில்லை.

போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே மறுமுனையில் குரல் வந்தது.

“மயிலா, நாந்தான் ஜெயபாரதி. ஆர்டர் வந்திருச்சு. திங்கட்கிழமை எட்டரைக்கு ஷிப்டுக்கு வந்துரு.”

லைன் போய்விட்டதோ என்று ஜெயபாரதி போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

“அக்கா...” மயிலாளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. “வேலை கெடக்குதுங்க, நீங்க நல்லாருக்கீங்களா? நானாக் கூப்பிட்டா வேலை கேக்கறேன்னு நெனைச்சுக்குவீங்களோன்னுதான் கூப்படலீங்க. மூணு வருசமா ஒரு போனுங்கூட இல்லீங்களா... அக்காவுக்கு ஒடம்புக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு நெனைச்சு, பூண்டிக் கோயிலுக்குப் போறப்பெல்லாம் உங்களுக்குஞ் சேத்துத்தானுங்க வேண்டிட்டு வர்றேன்!”