போன் போட்ட ஓட்டு

இப்போது யாரும் வாக்குச்சாவடிக்குப் போவதில்லை. ஐந்து வருஷமும் நாம் பேசுவதைக் கேட்டு, தேர்தலன்று போனே நமக்காக ஓட்டுப் போட்டுவிடுகிறது. முடிவு வந்த ராத்திரி, மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சொரிமுத்து டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

"எவன் வந்தா என்ன? நாளைக்கும் நாமதான் சுமக்கணும்."

"இனிமே சுமக்க வேண்டாமாம்," என்றாள் அவன் மனைவி இசக்கியம்மாள். "செயிச்சவன் மார்க்கெட்டுல மிஷினை இறக்கப் போறானாம். நம்ம தெருவே அவனுக்குத்தான் போட்டிருக்கு. உங்க போனும்தான்."

"ஏட்டி, மிஷின் வேணும்னு நான் எப்பச் சொன்னேன்?"

"தினமுந்தான். வந்ததும் வராததுமா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, 'இந்தப் பாழாப்போன மூட்டைய ஏதாவது மிஷின் தூக்கித் தொலைக்கட்டும்'னு கத்துவீங்களே."

சொரிமுத்து எழுந்தான். இடுப்பு சுளீரென்றது. கத்த வாயெடுத்தவன், போனைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டான்.