இரண்டு கம்பைலர், ஒரு குவார்ட்டர்ஸ்

“பழசை மட்டும் அழிச்சிராதீங்க சார்!” இசக்கிமுத்து கும்பிட்டது கம்ப்யூட்டர் அறையின் கருணாகரனை அல்ல. அவருக்குப் பின்னால், குங்குமப் பொட்டோடு இருந்த பழைய கம்பைலரின் டிஸ்க் பெட்டியை.

பக்கத்தில் புதியதன் பெட்டியில் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருந்தது. அதனருகே பவுல்ராஜ் கைகட்டி நின்றார். “புதுசு வந்தப்புறம் பழசை வச்சிகினு இன்னா சார் பண்ணப் போறீங்க?”

இருவரும் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆறு வருடமாகக் குவார்ட்டர்ஸுக்குக் காத்திருப்பவர்கள். இசக்கிமுத்து வடலூரில் ஒற்றை அறையில் மூன்று பிள்ளைகளோடு இருந்தார். பவுல்ராஜ் மாமனார் வீட்டில். இப்போது பதினேழாம் பிளாக்கில் காலியாகியிருந்தது ஒரே ஒரு வீடு.

சீனியாரிட்டிப் பட்டியலைப் போடுவது கம்ப்யூட்டர். ஆளுக்கு ஒரு துளையிட்ட கார்டு. கருணாகரன் எழுதிய புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். பழைய கம்பைலரில் ஓட்டினால் இசக்கிமுத்து முதலில் வந்தார். போன மாதம் வந்த புதியதில் ஓட்டினால் பவுல்ராஜ்.

ஒன்றை ஏற்றினால் மற்றது அழிந்துவிடும். கருணாகரன் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, தனித்தனி டிஸ்கில், ஒன்றையொன்று தொடாதபடி இரண்டையும் ஏற்றி முடித்தார். ஏழு தடவை ஓட்டிப் பார்த்தார். ஏழு தடவையும் பழசு இசக்கிமுத்துவை விட்டுக்கொடுக்கவில்லை. புதுசு பவுல்ராஜை விட்டுக்கொடுக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் பியூன் சிங்காரவேல்தான் கார்டுக் கட்டை வாங்கி, மேஜையில் தட்டி, அடுக்கி, மிஷினில் வைப்பார். “இப்ப ஓடப் போறது பழசா புதுசா சார்?” என்று மறக்காமல் கேட்பார். கம்பைலர் விஷயத்தில் ஒரு பியூனுக்கு இவ்வளவு அக்கறையா என்று கருணாகரனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மேனேஜர் ஜெயராமன் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். “ஒரு வேலைக்கு ரெண்டு எதுக்குய்யா? சாயங்காலத்துக்குள்ள ஒண்ணைத் தூக்கு. மிஞ்சினது யாரைச் சொல்லுதோ அவருக்கு வீடு.”

“கடைசியா ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன் சார்.”

சிங்காரவேல் டீ வாங்கப் போயிருந்தார். கருணாகரனே கார்டுக் கட்டை எடுத்து வைத்தார். பழசு: இசக்கிமுத்து. அதே கட்டை அப்படியே எடுத்துப் புதுசுக்கு வைத்தார்.

பிரிண்டர் அடித்து நின்றது. முதல் பெயர், இசக்கிமுத்து.

பவுல்ராஜ் வெகுநேரம் மாதா படத்தைப் பார்த்தார். பிறகு ஓரம் கிழியாமல் உரித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“புதுசே ஒத்துக்கிட்டுதே சார்!” இசக்கிமுத்து மறுபடி பெட்டியைக் கும்பிட்டார். “எம் பிள்ளைங்க இனிமே காலை நீட்டிப் படுக்கும்.”

“ஏழு தடவை முடியாதுன்னது, எட்டாவது தடவை எப்படிய்யா திருந்துச்சு?” என்றார் ஜெயராமன்.

“அப்பப்ப திருந்தும் சார். புது வெர்ஷன் இல்லையா?” என்றார் கருணாகரன். அவருக்கே அது நம்பும்படியாக இல்லை. இருந்தாலும் ஜெயராமன் அலாட்மென்ட் ஆர்டரை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

டீத் தூக்கோடு சிங்காரவேல் உள்ளே வந்தார். இரண்டு பட்டியலையும் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, புதுசுலயும் இவரு பேரா?”

“ஆமா. அதனால என்ன?” என்றார் கருணாகரன்.

சிங்காரவேல் தூக்கைக் கீழே வைத்தார்.

“ஒரே நாள்ல சேர்ந்தவங்கன்னா மேல இருக்கற கார்டுதானே சார் மொதல்ல வரும்? ரெண்டு பேரும் பாவமேன்னு பழசுக்கு இவரு கார்டு மேல, புதுசுக்கு அவரு கார்டு மேலன்னு நான்தானே வச்சிகினு இருந்தேன்... நீங்க மாத்தி வைக்கலீங்களா சார்?”