காற்று நாற்பது

“திறந்து விடட்டுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லுங்க. வாசல்ல ஆம்புலன்ஸ் நிக்குது.”

பாலத்தின் கட்டுப்பாட்டு அறையில் தனியாக இருந்தவள் போனில் கேட்டாள். பதில் உடனே வரவில்லை. கால் நிமிடம் கழித்து, “திறக்காதீங்க” என்று மட்டும் வந்தது.

மறுமுனையில் இருந்தது அந்தத் தொங்குபாலத்தை வடிவமைத்த இன்ஜினியர். பாலம் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். போக்குவரத்துக்குத் திறந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இன்ஜினியரை அவள் நேரில் பார்த்ததில்லை. இந்த மாதம் லீவு என்று கேள்வி. ஆனாலும் காற்றில் சந்தேகம் வந்தால் எந்நேரமும் கூப்பிடலாம் என்று நம்பரோடு ஒரு சீட்டு சுவரில் ஒட்டியிருந்தது.

அரை மணிக்கு முன்பு, பாலத்தின் நடுப்பகுதி அசைவதைத் திரையில் பார்த்துவிட்டு அவள்தான் கூப்பிட்டாள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, விட்டு விட்டு அடிக்கிறதா, சீராக அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்ட இன்ஜினியர், சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பாலத்தை மூடச் சொன்னார். மேலே இருந்த வண்டிகள் எல்லாம் இறங்கித் தடுப்பு விழுந்த பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

அதன் டிரைவர் படியேறி வந்து அறை வாசலில் நின்றார். வண்டிக்குள்ளே தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி அக்கரையில். சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம். “காத்து நாப்பது கிலோமீட்டர்தானே காட்டுது? அறுபது வரைக்கும் வண்டி விடலாம்னு உங்க போர்டுலயே எழுதியிருக்கே” என்றார்.

நியாயமான கேள்விதான். அதையே அவள் போனில் கேட்டாள்.

விட்டு விட்டு அடிக்கிற புயலுக்கு இந்தப் பாலம் பயப்படாது என்றார் இன்ஜினியர். பக்கவாட்டில் ஒரே சீராக அடிக்கிற நாற்பதுதான் ஆபத்து. பாலம் அசைகிற தாளத்தைப் பிடித்துக்கொண்டு அதே தாளத்தில் தள்ளும். அசைவை அடக்கும் கருவிகள் அடுத்த மாதம்தான் வருகின்றன.

“பாலம் விழாது. ஆனா நடுவுல போற வண்டி நிலையா நிக்காது.”

வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட்டு, வேறு ஏதோ வேலைக்கு நடுவே பேசுவதுபோல் இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் ரெண்டு பெத்தவ. அந்த வலி எனக்குத் தெரியும். நீங்க எங்கயோ உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டிருக்கீங்க.”

நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு, “இப்ப எவ்வளவு காட்டுது?”

“நாப்பத்தொண்ணு.”

“திறக்காதீங்க.”

டிரைவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தடுப்பைத் தூக்கும் ஸ்விட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போர்டில் அறுபது என்றிருக்கும்போது யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. விரலை அதன்மேல் வைத்துவிட்டாள்.

அப்போது திரையில், பாலத்தின் நடுவே சாலை ஒரு பக்கமாக எழும்பிச் சாய்ந்தது. பெயிண்ட் அடிப்பவர்கள் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்த தள்ளுவண்டி கட்டையோடு சேர்ந்து சறுக்கி, கைப்பிடிக் கம்பியில் மோதிக் குப்புற விழுந்தது. அடுத்த அசைவில் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று.

டிரைவர் விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

காற்று எவ்வளவு என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்படியும், முப்பதுக்குக் கீழே இறங்கி அசைவு நின்றதும் திறந்துவிடும்படியும் இன்ஜினியர் சொன்னார். அவள் சொன்னாள். முப்பத்தொன்பது. முப்பத்தேழு. முப்பத்துநாலு என்றபோது பதில் இல்லை. போன் துண்டிக்கப்பட்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை.

இருபத்தொன்பதில் பாலம் அடங்கியது. தடுப்பைத் தூக்கிவிட்டுக் கீழே ஓடினாள். பாதிப் படியிலேயே குழந்தையின் அழுகை கேட்டது.

தாயும் பிள்ளையும் நலம், ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்றாள் ஆம்புலன்ஸ் நர்ஸ். வண்டியின் பின்கதவருகே சட்டையெல்லாம் வியர்வையாக ஒருவர் நின்றிருந்தார். கணவராகத்தான் இருக்க வேண்டும். அவள் நேராக அவரிடம் போனாள்.

“மூடச் சொன்னது சரிதாங்க. வண்டி போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு கண்ணால பார்த்தேன். ஆனா உள்ள இருக்கிற பொண்ணு எப்படி இருக்கான்னு அந்த இன்ஜினியர் ஒரு தடவைகூடக் கேக்கலையே. நடுவுல போனை வேற கட் பண்ணியாச்சு. நம்பர் தரேன், நீங்களே கூப்பிட்டு நாலு கேள்வி கேளுங்க.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார்.

“நம்பர் வேணாம்மா. இவ்வளவு நேரம் அவ உங்ககிட்ட பேசினப்போ, போனை அவ காதுல பிடிச்சுக்கிட்டிருந்ததே நான்தான்.”