மேனேஜர் வீட்டுக் கல்யாணக் கவர்

மேனேஜர் என்பவர் தொழிலாளி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்பது அப்பாதுரையின் முப்பது வருடச் சங்க அனுபவம். ஆகவே, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபேக்டரி மேனேஜர் கோதண்டராமன் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடிக்கு வீடு தேடி வந்து செருப்பைக் கழற்றியதும் அப்பாதுரை உஷாரானார்.

"பொண்ணு சிந்துவுக்குக் கல்யாணம், அப்பாதுரை." கோதண்டராமன் ஓர் அட்டைப்பெட்டியை நாற்காலியில் வைத்தார். "முந்நூறு கவர். பேரெல்லாம் கையால எழுதணும்னு ஆசைப்படறா. உங்க எழுத்து பிரமாதமா இருக்கும்னாங்க."

"யார் சொன்னது?"

"கேள்விப்பட்டேன்."

"கையெழுத்துப் போடறதுக்கே எனக்குக் கை நடுங்கும் சார். ஸ்பேனர் பிடிச்ச கை. கம்ப்யூட்டர்ல அடிச்சிடலாமே? எலக்ட்ரானிக் சிட்டி பூரா அதானே இருக்கு?"

"மாப்பிள்ளைக்கே அங்கதான் வேலை. அடிச்சு ஒட்டிடலாம்னார். கொரியர் பார்சல் மாதிரி இருக்கும்னு பொண்ணு ஒத்துக்க மாட்டேங்கறா."

உள்ளே அப்பாதுரையின் மனைவி சந்திரம்மா, மேசையில் காய்ந்துகொண்டிருந்த யாரோ வீட்டுக் கல்யாணக் கவர்களின் மேல் அவசரமாக முறத்தைக் கவிழ்த்தாள்.

ஃபேக்டரி இருக்கும் பொம்மசந்திரா பக்கம் தொழிலாளி வீட்டில் கல்யாணம் என்றால், பத்திரிகையைத்தான் பிரஸ்ஸில் அடிப்பார்கள். கவரில் பெயர் எழுதுவது அப்பாதுரையின் பட்டை நிப் பேனா. அதை மேனேஜ்மென்ட்டிடம் ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும். காரணம் ஒரு போஸ்டர்.

ஐந்து வருஷத்துக்கு முன், தொண்ணூற்றாறில், ஒருநாள் காலை ஃபேக்டரி கேட்டில் அது ஒட்டியிருந்தது.

'கோதண்டராமா! கேன்டீன் சோற்றில் கல் பொறுக்க ஓவர்டைம் உண்டா?'

எழுதியவனைக் கண்டுபிடி, டிஸ்மிஸ் செய் என்றது ஹெட் ஆபீஸ். தமிழ் எழுதத் தெரிந்த அத்தனை பேரையும் உட்காரவைத்து, 'கோதண்டராமன் கோலாரிலிருந்து கோயம்புத்தூருக்குப் போனார்' என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதி வாங்கினார்கள். பெயர் வேண்டாம், டோக்கன் நம்பர் போதும் என்றார்கள். அப்பாதுரை கோழி கிளறியது போல் எழுதிக் கொடுத்தார். சென்னையிலிருந்து வந்த கையெழுத்து நிபுணர் எல்லாத் தாளையும் பார்த்துவிட்டு, எதுவுமே பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து நம்பகமான நாலு பேர் கூடினால் போதும், அப்பாதுரை ஆரம்பித்துவிடுவார். "கோட்டு போட்ட நிபுணனையே ஒரு ஸ்பேனர்காரன் ஏமாத்திட்டான், தோழர்!"

இன்னும் இரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி. இப்போது போய்த் தனக்கு எதிராகத் தானே முந்நூறு சாட்சி எழுதிக் கொடுக்க அவர் என்ன முட்டாளா?

"ஒரே ஒரு கவர் எழுதிக் காட்டுங்களேன்," என்றார் கோதண்டராமன். "என் பேரையே எழுதுங்க."

சந்தேகமே இல்லை. விசாரணை மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அப்பாதுரை ஒரு பால்பாயின்ட் பேனாவைக் கடப்பாரை மாதிரி பிடித்துக்கொண்டு, பழைய கோழியை மறுபடி கிளறவிட்டார்.

கோதண்டராமன் கவரைத் தூக்கிப் பார்த்தார். சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"இது வேணாம், அப்பாதுரை. அன்னிக்கு கேட்ல எழுதினீங்களே, அந்த எழுத்து வேணும்."

உள்ளே முறம் கீழே விழுந்தது.

"எந்த... எந்த கேட் சார்?"

"ஃபேக்டரில யார் வீட்ல கல்யாணம்னாலும் என் டேபிளுக்குப் பத்திரிகை வருது. 'உயர்திரு கோதண்டராமன் அவர்கள்'னு கவர் மேல. எல்லாம் ஒரே கை. என் பேரை அவ்வளவு அழகா என் பெண்டாட்டிகூட எழுதினதில்ல. கேட்ல திட்டும்போதும் அதே 'கோ', அதே சுழி."

அப்பாதுரை கணக்குப் போட்டுப் பார்த்தார். மேனேஜருக்கு என்று இதுவரை ஐம்பது கவராவது எழுதியிருப்பார். ஒன்றையாவது கொஞ்சம் அசிங்கமாக எழுதியிருக்கலாம். மனசு வந்தால்தானே?

சந்திரம்மா காபியோடு வந்தாள். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மேனேஜர் பேரை ரொம்ப ஜோடிக்காதீங்கன்னு!"

"நீ சும்மா இரு." அப்பாதுரை மேனேஜர் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சேவா சார் விட்டீங்க?"

"போஸ்டரைப் பார்த்துட்டு அன்னிக்குத்தான் முதல் தடவையா நம்ம கேன்டீன்ல சாப்பிட்டேன். ரெண்டாவது வாய்லயே கடைவாய்ப் பல்லு போச்சு. மறு வாரமே கான்ட்ராக்டரை மாத்தினேன். உண்மையை எழுதின ஆளை எப்படிக் காட்டிக் கொடுக்கறது?"

கான்ட்ராக்டர் மாறியதும் 'மேனேஜ்மென்ட் மண்டியிட்டது!' என்று நோட்டீஸ் அடித்தவர் அப்பாதுரைதான். தொண்டையைச் செருமிக்கொண்டார். உள்ளே போய்ப் பட்டை நிப்பையும் மைப் புட்டியையும் எடுத்துவந்து, பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஆனாலும் மொத்தமாகத் தோற்றுப்போக மனம் இடம் கொடுக்கவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம் சார். ஆனா அந்த நிபுணர் கண்ணுல மண்ணைத் தூவினேன் பாருங்க, அது என் சாமர்த்தியம்!"

கோதண்டராமன் காபியைக் குடித்து முடித்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவர் பார்த்தது உங்க தாள் இல்ல, அப்பாதுரை. நீங்க கோணலா எழுதினதுலயும் அந்தச் சுழி அப்படியே இருந்தது. அதைக் கிழிச்சுப் போட்டுட்டு, உங்க டோக்கன் நம்பர்ல நானே இடது கையால ஒண்ணு எழுதி வெச்சேன்."